மண்ணில் தங்கிய காய்

படவேட்டம்மன் துணை

காஞ்சிபுரம்

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அம்மன் புண்ணியத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி தூங்கி எழுந்திருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அபிநயாவும் அதேபோல இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை எனக்காக யாரும் எழுதித் தரவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கு நடக்கிற சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட உன் அப்பா தன் கையாலேயே எழுதுகிறேன். பேனா ஓடுகிற வேகத்தைவிட நம் தெருவில் மாடு நடக்கிற வேகம் அதிகம். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, சொத்து எழுதி வெக்கிறியா, இம்மாம் நேரமா குந்தினுக்கீற" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்கட்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் நான் எழுதியதை நானே திரும்பப் படிக்கிறேன், அப்போது வருகிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போனில் பேசினால் டூட்டிக்கு நேரமாகிறது அப்பா என்று நீ வைத்துவிடுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. இந்த விஷயம் பாதியில் நின்றால் எனக்கு இன்னும் குழப்பம்தான். முழுதாக எழுதுகிறேன், நீ படித்துப் பார்த்து எனக்கு விளக்கு.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாள், ஆனால் அதன் வாசனை பிடிக்கவில்லை என்று மேலே விபூதி பூசிக்கொள்கிறாள். இருக்கட்டும். நம் தெரு முனையில் ஒரு குப்பை மேடு இருந்ததே, காலேஜ் பஸ்ஸுக்குப் போகும்போது நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அது இப்போது இல்லை. மாநகராட்சி லாரி வந்து வாரிக்கொண்டு போய்விட்டது. செம்மண் கொட்டி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, தண்ணீர்த் தொட்டியும் கட்டிக் கொடுத்து, தெருக்காரர்கள் காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பொதுத் தோட்டம் என்று பேர். கேட்ட வீடுகளுக்கெல்லாம் குலுக்கல் போட்டு ஆளுக்கு ஒரு பாத்தி கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று விழுந்தது. செங்கல் வரப்பு வைத்த பாத்தி, நான் படுத்தால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். தகரத்தில் பேர் எழுதி நட வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் எல்லாம் பெயின்டரிடம் கொடுத்தார்கள், நான் நானே எழுதினேன். காசிநாதன் என்று. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. காலையில் போய் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவேன். மண்ணில் என் பேரைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

குழப்பமும் அங்கேயே ஆரம்பம். பொது என்கிறார்கள், பாத்திக்குப் பாத்தி பேரும் எழுதியிருக்கிறது. தோட்டத்துக்குச் செயலாளராக இருக்கிற தேவேந்திரன், நூலுக்குச் சாயம் போடுகிறவர், அவரிடம் கேட்டேன். நிலம் மாநகராட்சியுடையது, தோட்டம் எல்லாருடையது, பாத்தி மட்டும் உங்களுடையது என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் மூன்றில் எதுவும் பிடிபடவில்லை. தென்னேரியில் கூலி வேலைக்குப் போனபோது எனக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை, நிலம் நிலத்துக்காரருடையது, கை என்னுடையது, அவ்வளவுதான். அந்த நிலத்துக்காரரின் மகன் பரமசிவம் இருக்கிறாரே, நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்து நம் பக்கத்துத் தெருவில் வீடு கட்டியவர், அவருக்கும் இதே தோட்டத்தில் ஒரு பாத்தி விழுந்திருக்கிறது. என் பாத்தியும் அவர் பாத்தியும் ஒரே அளவு. அவர் வெண்டைக்காய் போட்டிருக்கிறார், பூச்சி அரித்துவிட்டது. நான் வேர்க்கடலை போட்டேன். எனக்கு அடுத்த பாத்திக்காரி ஜீவிதா, தறி வீட்டு மருமகள், நான் போடப் போவதைக் கேட்டு அவளும் வேர்க்கடலைதான் போட்டாள், எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே விதைத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் செடிகளைப் பிடுங்கினாள். மண் காய்ந்து இறுகிக் கிடந்தது, பிடுங்கும்போது காம்பு அறுந்து காய்கள் உள்ளேயே தங்குகிற சத்தம் எனக்கு என் பாத்தியிலிருந்தே கேட்டது. செடிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உனக்குத் தெரியும், செடி பிடுங்கி முடிந்து நிலத்துக்காரர் வரப்பை விட்டு இறங்கிவிட்டால் உள்ளே தங்கிய காய் குனிந்து பொறுக்குகிறவர்களுக்கு. உன்னை நிழலில் உட்கார வைத்துவிட்டு அம்மா பொறுக்கியிருக்கிறாள், அந்தக் காயை அவித்து நீ தின்றிருக்கிறாய். அதை யாரும் யாரிடமும் கேட்பது கிடையாது. ஞாயிறு காலையில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல முற்றிய காய், மடி நிறைய வந்தது. அம்மா உப்புப் போட்டு அவித்தாள். சூடாக ஒரு தூக்கு ஜீவிதா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசலிலேயே உரித்துத் தின்றுவிட்டு, "சூப்பரா இருக்குது தாத்தா, உங்க பாத்தியில இன்னும் பிடுங்கவே இல்லியே, அதுக்குள்ள ஏது" என்று கேட்டாள். நான் பெருமையாக, "உன் பாத்தியிலதாம்மா" என்றேன். அவள் வாயில் போட்டது அப்படியே நின்றுவிட்டது.

அன்று மதியமே தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் வீட்டுக்காரர் ராமராஜன் கிளறிய மண்ணைப் போட்டோ எடுத்துப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கேட்காமல் அடுத்தவர் பாத்தியில் தோண்டுவது திருட்டு, இதற்குக் கூட்டம் போட வேண்டும் என்று இருந்தது. யார் உதவியும் இல்லாமல் ஒரு செய்தியை முழுதாகப் படித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள்தான், "அது உன்னியத்தான்யா சொல்றாங்க" என்றாள். திரும்ப ஒரு தடவை படித்தேன். என்னைத்தான்.

கூட்டம் தொட்டி பக்கத்தில் நடந்தது. தேவேந்திரன், "பெரியவரே, ரூலு ஒன்னுதான், அவங்கவங்க பாத்தியில அவங்கவங்க கை" என்றார். செடி பிடுங்கின பிறகு அது வெறும் மண்தானே தம்பி என்றேன். உடனே ராமராஜன், "அப்ப நான் பைக்க நிறுத்திட்டு டீ குடிக்கப் போனா அது ஊர் பைக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நல்ல கேள்வியாக இருந்ததால் நானும் சிரித்துவிட்டேன். ஜீவிதா சிரிக்கவில்லை. "தாத்தா, எங்க வூட்ல பட்டு நூல எடை போட்டுத்தான் குடுப்பாங்க, சேலைய எடை போட்டுத்தான் வாங்குவாங்க. அறுந்த நூலக்கூட டப்பால போட்டு வெச்சி முதலாளியாண்ட கணக்கு காட்டணும். மிச்சம்னு ஒன்னு எங்களுக்குக் கெடையவே கெடையாது. மண்ணு இறுகிக்கினு இருந்துது, தண்ணி உட்டு மறுநாளு எடுக்கலாம்னு இருந்தேன். வந்து பாத்தா கோழி கெளறுன மாதிரி இருக்குது" என்றாள். அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. நான் செய்ததும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நியாயமாக இருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பரமசிவம் எழுந்து, "காசி சொல்றது நெசந்தான், அத்த திருட்டுன்னு சொல்லாதீங்க. எங்க நெலத்துல கடல பிடுங்கி முடிஞ்சா இவங்க ஜனம் மொத்தமும் வந்து எறங்கும். பாவம் பொறுக்கிக்கினு போவட்டும்னு எங்கப்பா உட்ருவாரு" என்றார். எனக்காகப் பேசினார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவன்தான். இத்தனை வருஷம் அது எங்கள் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களோ பாவம் என்று விட்டுவைத்திருந்தார்களாம். திருட்டு என்று ராமராஜன் எழுதியபோதுகூட எனக்கு இவ்வளவு சுருக்கென்று இல்லை. வீட்டில் சொன்னதும் அம்மா, "பாவமாமா? நம்ம நோண்டி எடுக்கலன்னா அந்த நெலத்துல எலி குடும்பம் நடத்தியிருக்கும், அத்தயும் சொன்னாரா" என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

கூட்டத்தில் முடிவு என்னவென்றால், நான் போட்ட கடலையை நான் எடுத்துக்கொள்ளலாம், அதன் பிறகு பாத்தி எனக்கா அல்லது வேறு வீட்டுக்கா என்பதை ஜீவிதா வீட்டைக் கேட்டு முடிவு செய்வது. மன்னிப்புக் கேட்டால் இப்போதே முடிந்துவிடும் என்று தேவேந்திரன் காதோடு சொன்னார். கேட்டிருப்பேன் நதியா, எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் எதற்கென்று கேட்பது? தென்னேரியில் பொறுக்கியதற்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், அங்கே உன் அம்மாவும் இருந்தாள், என் அம்மாவும் இருந்தாள். அதனால் கேட்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து காலையில் தகரத்தில் என் பேரைப் படிக்கும்போது ஒரே யோசனை. இன்னும் எத்தனை நாள் இந்தப் பேர் இங்கே நிற்குமோ என்று.

போன வாரம் இலை மஞ்சளாகிவிட்டது. ஒரு காயை உடைத்துப் பார்த்தேன், ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தது, முற்றிவிட்டது. நான் கிளம்பும்போதே அம்மா, "பாத்தியே கையவுட்டுப் போவப் போவுது, அடியோட நோண்டி ஒன்னு உடாம எடுத்துக்கினு வா" என்றாள். செடிகளைப் பிடுங்கினேன், உதறினேன், கட்டினேன். களைக்கொத்து கையில்தான் இருந்தது. ஆனால் பிடுங்கிய நிலத்தில் பிடுங்கியவனே திரும்ப இறங்கித் தோண்டினால் பார்க்க நன்றாக இருக்காது என்று தோன்றிவிட்டது. யாருக்கு நன்றாக இருக்காது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. யாராவது பொறுக்க வருவார்களா என்று வரப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் ஆள் இருந்தார்கள், ஆனால் என் பாத்திப் பக்கம் ஒருவரும் வரவில்லை. கூட்டம் நடந்த பிறகு யார் வருவார்கள்.

வெயில் இறங்கும்போது ஜீவிதா ஒரு எவர்சில்வர் குண்டானோடு வந்து நின்றாள். "முடிஞ்சிதா தாத்தா, நான் எடுத்துக்கவா" என்றாள். "கேக்கக் கூடாதும்மா, கேட்டா அது வேற கணக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வூட்ல கேக்காம எடுத்தா திருட்டு, உங்க வூட்ல கேட்டு எடுத்தா தப்பா, நல்லாக்கீது போ" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். களைக்கொத்தைக் கொடுத்தேன், வேண்டாம் என்று விரலாலேயே கிளறினாள். தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற விரல்கள் அல்லவா, மண்ணுக்குள் காய் எங்கே இருக்கிறது என்று அவையே போய்த் தொட்டன. ஒரு காய் வந்தது, இரண்டு காய் ஒட்டி வந்தது, குண்டானில் விழுகிற சத்தம் நின்றபாடில்லை.

நதியா, உண்மையைச் சொல்கிறேன். யாராவது வரட்டும் என்று காத்திருந்தவன் நான்தான். ஆனாலும் அவள் எடுக்க எடுக்க எனக்கு வயிறு எரிந்தது. இது என் காய், இதற்குத் தண்ணீர் விட்டவன் நான் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அவள் நகர நகர நானும் செங்கல் வரப்பின் மேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. வெண்டைச் செடியிலிருந்து பரமசிவம் நிமிர்ந்து பார்த்து, "இன்னா காசி, காவலா?" என்றார். எனக்குக் கை தானாக அவிழ்ந்துவிட்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோமா என்று தெரியவில்லை.

ஜீவிதா எழுந்து மண்ணைக் காலால் சமமாகத் தள்ளிவிட்டு, "அடுத்து இன்னா போடப் போற தாத்தா" என்று கேட்டாள். "பாத்தி எனக்கா?" என்றேன். "பின்ன எனக்கா? ஒன்னுக்கே முதுகு ஒடியுது, பாத்தி தாத்தாவுக்கேன்னு தேவேந்திரண்ணன் கைல நேத்தே சொல்லிட்டேன்" என்று குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அவள் வேலியைத் தாண்டியதும் நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, களைக்கொத்தால் பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிளறிப் பார்த்தேன். ஒரு காய்கூட விட்டு வைக்கவில்லை அந்தப் பெண். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, பாத்தி என்னுடையதே என்கிற சந்தோஷம் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வந்தது.

நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அபிநயாவுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடு, அவளுக்கும் எனக்கும் யார் கையெழுத்து அழகு என்று பார்த்துவிடலாம். அடுத்து மிளகாய் போடலாமா கத்திரி போடலாமா என்று யோசனையாக இருக்கிறது, கீழே தங்குகிற பயிர் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மன் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காமல் பதில் எழுது, போனில் சொல்லாதே, எழுத்தைப் பெரிதாகப் போட்டுக் காகிதத்தில் எழுது, நான் மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்.

தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போடுகிற உன் அப்பா,
காசிநாதன்