பஸ் ஸ்டாப்பில் என் ஃப்ளெக்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நெதர்லாந்திலிருந்து பிரியா வணக்கத்துடன் எழுதுவது. கால் வீக்கம் குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் என் குரலைக் கேட்டுப் பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

தொலைநோக்கிப் படத்தில் நான் கண்டுபிடித்த விண்மீன் திரள், நாங்கள் நினைத்த அளவு தொலைவில் இல்லையாம். மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி சிவந்துவிடும். இதுவும் சிவப்பாக இருந்ததால் ஏமாந்துவிட்டேன். ஒளியைப் பிரித்துப் பார்த்தால், பக்கத்தில் இருப்பதுதான், உள்ளே தூசி நிறைந்து சிவந்திருக்கிறது. நம் காட்டில் போர்வெல் போட்டபோது புழுதிக்குள் சூரியன் சிவந்து தெரிந்ததே, அப்படி.

"எல்லோரும் ஏமாறுகிற இடம்தான்" என்று பேராசிரியர் சிரித்தார். என் வேலையை நீட்டிப்பார்களா என்று கேட்டேன். அப்புறம் பேசலாம் என்றார். அப்போது சிரிக்கவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

"பஸ் ஸ்டாப்புல உன்ற படம் போட்டு மாமா ஃப்ளெக்ஸ் கட்டிட்டான் சாமி, ஊரே நின்னு பாக்குது" என்றீர்களே, அதை மட்டும் மோகன்குமார் மாமாவிடம் சொல்லிக் கழற்றிவிடுங்கள். யாராவது கேட்டால், காற்றுக்குக் கிழிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள், முடிக்கிறேன். ஃப்ளெக்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். மாட்டுக் கொட்டகை ஒழுகுகிறது என்றீர்களே, கூரைமேல் விரித்துக் கட்டலாம். என் முகம் மட்டும் உள்பக்கம் இருக்கட்டும் அம்மா. நீங்கள் பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள்
சண்முகப்பிரியா