முள் ஏறாத கார்

8.12.1991, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் குன்னூரிலிருந்து மருமகன் போன். ஜனவரியில் அவரைப் பட்டாளத்தில் அஸ்ஸாமுக்கு அனுப்புகிறார்களாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மகள் எமிமாளையும் பச்சைப்பிள்ளையையும் நாங்கள்தான் போய்க் கூட்டி வரவேண்டும்.

எமிமாள் பேசியது ஒரே பேச்சுதான். "பஸ்ல வரமாட்டேன்ப்பா."

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய மூத்தவனை ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மார்கழியில் பஸ்ஸில்தான் கொண்டு வந்தோம். ஜன்னல் சாத்தமாட்டேன் என்றது. மலை இறங்குகிற மட்டும் வாடை. வீடு வந்ததும் சளி நெஞ்சில் இறங்கி, பொறவு... வேண்டாம்.

"நம்ம கார்லதான் ஹீட்டர் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டேன். ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய அம்பாசிடர். பெட்டி இருக்கிறது, வேலை செய்யுமா? ராஜபாளையத்தில் ஹீட்டர் போட்டுப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா?

9.12

போட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

10.12

மெக்கானிக் சமுத்திரம் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன அண்ணாச்சி, அடிக்கிற வெயிலு பத்தலையாக்கும்?" விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. காருக்குள் தலையைக் கொடுத்து மல்லாக்கப் படுத்தான். ஃபேனுக்குள் குளவிக்கூடு! எடுத்ததும் ஓடுகிறது. ஆனால் வருவது குளிர்ந்த காற்று.

13.12

எஞ்சினில் சூடான தண்ணீர் குழாய் வழியாக ஹீட்டருக்கு வரவேண்டுமாம். அந்தக் குழாயை எந்தப் புண்ணியவானோ மடக்கிக் கட்டியிருக்கிறான். புதுக் குழாய் மாட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டினோம். கிளம்பும்போது வெதுவெதுப்பு. போகப் போக அதுவும் இல்லை. வாய்க்கு வந்தபடி வண்டியைத் திட்டினேன்.

16.12

இன்றும் ஆகவில்லை. என் மனைவி ஜெயபாய் பழைய கம்பளியை எடுத்து வெயிலில் காயப்போடுகிறாள்.

18.12

விடியற்காலைக் குளிரில் செண்பகத்தோப்புப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஜெயபாயும் வந்தாள். காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தவள், எஞ்சின் சூடு காட்டுகிற மீட்டரைப் பார்த்துக் கேட்டாள்: "எம்புட்டுத் தூரம் ஓட்டினாலும் இந்த முள்ளு அடியிலயே கெடக்கே, ஏங்க?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஏட்டி, அதான் நம்ம வண்டியோட பெருமையே! சித்திரை வெயில்ல ஆலங்குளம் போனாலும் முள்ளு ஏறாது. இந்த ஊருல எவன் வண்டி அப்படி ஓடுது?"

"எஞ்சினே காயலன்னா ஹீட்டருக்கு எங்கன இருந்து சூடு வரும்?"

வண்டியைத் திருப்பி நேரே சமுத்திரத்திடம். கேட்டதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீங்க வண்டி வாங்குன அன்னைக்கே நாந்தான் தெர்மோஸ்டாட் வால்வைக் கழத்திப் போட்டேன் அண்ணாச்சி. எந்த வண்டி வந்தாலும் மொத வேலை அதான். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குன்னு..."

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து வைக்கிற வால்வு அது. இல்லாததால்தான் முள் ஏறவில்லை. இதையா இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்!

19.12

எந்தக் கடையிலும் இல்லை. கழற்றி எறிகிற ஊரில் யார் வாங்கி வைப்பார்கள்? சாயங்காலம் சமுத்திரம் ஒரு டால்டா டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். ஊரிலுள்ள கார்களிலெல்லாம் கழற்றிப் போட்ட வால்வுகள். எதற்குச் சேர்த்து வைத்தானோ, அவன் நல்லா இருக்கணும்.

ஜெயபாய் பழைய பால்சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். சூட்டில் வால்வு வாய் திறக்கவேண்டும், ஆறினால் மூடவேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாம் துருவேறி அசையாமல் கிடந்தன. டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. ஹீட்டர் இல்லையென்றால் எமிமாள் வரமாட்டாள், நான் பெற்றதை எனக்குத் தெரியாதா? அடியில் கிடந்த ஒன்று மெல்லத் திறந்தது.

"தெறக்குதுங்க... ஆண்டவரே, தெறக்குது!" கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள் ஜெயபாய். சமுத்திரம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தான். கேட்டால், ஆவி பட்டுடுச்சாம்.

27.12

குன்னூரில் வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டு, முள் பாதிக்கு வந்த பிறகே பிள்ளையை ஏற்றினோம். எமிமாள் காற்றில் கை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். வழியனுப்ப நின்ற மருமகன் கதவைச் சாத்திவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயில். "அணைக்கவாம்மா?" என்றேன். "கொறைச்சு மட்டும் வைங்கப்பா." மதுரையிலும் அதே பதில். என் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஜெயபாய் முந்தானையால் விசிறிக்கொண்டாள். கண்ணாடியில் அவளைப் பார்த்து, ஒன்றும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியும்போது எமிமாள் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, அணைச்சிருங்க. புள்ளைக்கு வேர்க்குது."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். மூத்தவன் போனதற்கு அவள் அழுது நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அணைத்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

22.4.1992

ஆலங்குளம் ரோட்டில் ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் நின்றேன். முள் சிவப்பில். "கோடை முடியிற மட்டும் அந்த வால்வைக் கழத்திருவமா அண்ணாச்சி?" என்கிறான் சமுத்திரம்.

"தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன், ஏலே" என்றேன்.

இப்போது ரேடியேட்டருக்கு ஊற்றப் பின்சீட்டில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர். எமிமாள் மடியில் உட்கார்ந்து பேரன் அதைத் தட்டிக்கொண்டே வருகிறான்.