சிவப்பு கார்டும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரும்

செலண்டார்,
2.9.1996

அன்பு மகள் பவானேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தங்கை உஷாராணியும் மாரியம்மன் புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். பினாங்கில் நீயும் உன் அறைத் தோழிகளும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு வேலையைச் சாக்குச் சொல்ல மாட்டேன். செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் ஜாகா என்று காவல் வேலை பார்ப்பவனுக்கு உட்கார்ந்து எழுத நேரம் இல்லாமலா போகும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வியாழக்கிழமை ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது. உன் குடியுரிமை மனுவை ஏற்கவில்லை. நீலக் கார்டு கிடையாது. நீ இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் தேடப் போவது இதைத்தான் என்று தெரியும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மற்றதை மனம் ஆறிய பிறகு படித்தாலும் சரி, ஆனால் படிக்காமல் விட்டுவிடாதே.

மலாயில் நாலே வரிதான் எழுதியிருந்தார்கள். நான் படித்தது சரிதானா என்று பார்க்க மீரா சாஹிப் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மனுப் பாரம் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தவர் அவர்தானே. மூன்று முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அப்புறம், அண்ணே, கடுதாசிய நம்பிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா, நாளைக்கே நேர்ல போயி கேட்டுருவோம்லா என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று கடையைப் பூட்டிவிட்டுத் தன் வேனிலேயே என்னை மலாக்காவுக்குக் கூட்டிப் போனார். ஆபீசில் இருந்த மலாய்க்கார அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கோப்பைத் திறந்தார். மனுவோடு நான் வைத்திருந்த, பேப்பரில் வந்த உன் படத்தைப் பார்த்துவிட்டு, பாக்சிக், பெரியவரே, உங்கள் மகள் நன்றாக ஓடுகிறாளே என்று மலாயில் சொன்னார். எனக்கு அந்த இடத்திலும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கம் கெட்ட மனது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லும் வழக்கம் இல்லையாம். அப்பன் பெயரில் மனுப் போடுவது பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆகும்வரைதானாம். உனக்கு ஜூனிலேயே ஆகிவிட்டது. இனி நீயே உன் பெயரில் போட வேண்டும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. டிசம்பரில் ஜகார்த்தாவில் மலேசியாவுக்காக ஓட வேண்டும் என்று சொன்னேன். அவர் கோப்பை மூடினார். உங்களுக்கு ஓட்டம் பழக்கும் சுசீலா டீச்சர் இந்தியா பாஸ்போர்ட் கேட்டுப் பார்க்கலாமா என்று எழுதியிருந்தார்கள் அல்லவா, அதையும் சாஹிப் கேட்டார். அது கிடைத்தாலும் மலேசியா சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது என்று அந்த ஆபீஸ் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் மறுநாள் சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாஹிப் வேன் கண்ணாடி ஓரத்திலும் ஒரு சின்னக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றக் கையை நீட்டினார். இருக்கட்டும் சாஹிப் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பேப்பர் படத்தைப் பற்றி உனக்கு எழுதவில்லை. தமிழ்ப் பேப்பரில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் வந்தது. ஒரு காலை மட்டும் தரையில் வைத்து, வாயைத் திறந்துகொண்டு, பல் தெரிய நீ ஓடுகிறாய். அம்மா பார்த்துவிட்டு இப்படியா போட்டோ எடுப்பான் என்று கோபித்துக்கொண்டாள். நான் ஐந்து பேப்பர் வாங்கினேன். ஒன்று சாஹிப் கடையில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறது. வெங்காயம் வாங்க வருகிறவன், சிகரெட் வாங்க வருகிறவன், ஒருவரையும் சாஹிப் சும்மா விடுவதில்லை, நம்ம வீராசாமி மக, ஆயிரத்து ஐநூறு மீட்டரு, நாலு நிமிசம் முப்பத்தெட்டு செகண்டு, உன்னால சைக்கிள்ல போக முடியுமா என்று கேட்கிறார். நான் பக்கத்தில் நின்றால் ஒன்றும் தெரியாதவன்போல உப்பு விலை கேட்பேன். உன் பழைய கடிதங்களில் மைதானத்தைப் பற்றி எழுதியதை எல்லாம் ஆலையில் லோரி டிரைவர்களிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். விடியும் முன் எழுந்து ஓடுவது, முதல் தடவை ஆணிச் சப்பாத்து போட்டுக் கால் இடறி விழுந்தது, ஹாஸ்டலில் கொடுக்கும் ரொட்டி பத்தாமல் தோழி பங்கையும் தின்றது, பந்தயத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களும் பாத்ரூமுக்கு வரிசையில் நிற்பது, எல்லாம் தெரியும் அவர்களுக்கு. தடம் ரப்பரில் செய்தது என்று எழுதியிருந்தாயே, ரப்பர் மேல் ஓடுவதற்கா செலண்டாரிலிருந்து பினாங்குக்குப் போனாள், இங்கேயே நாங்கள் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் ஓடினோமே என்று சொல்லிச் சிரிப்போம். முதல் நானூறு மீட்டரில் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள், மூன்றாவது சுற்றில்தான் யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று தெரியும் என்று நீ எழுதியது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஏன் புரிந்தது என்று இப்போது சொல்லப் போகிறேன்.

பவானி, உன் போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். அம்மா தலைப்பிரசவத்துக்கு இந்தியாவுக்குப் போகாமல் இருந்திருந்தால், போன இடத்திலாவது என் பிறப்பைப் பதிந்திருந்தால் எனக்கு இந்த நிலைமை வந்திருக்காது என்று. வழக்கம்போல உஷாதான் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள், அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அந்த வரியில் உஷாவின் குரல் இறங்கிவிட்டது. அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. அடுத்தத படி என்று மட்டும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வரி அவளுக்கு உரியதல்ல. எனக்கு உரியது.

அம்மா போனது அவள் விருப்பத்துக்கு அல்ல. எழுபதில் இங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் இல்லாமல் போனபோது அவள் வீட்டார் எல்லோரும் அறந்தாங்கிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று எழுதினார்கள். அனுப்பித்தான் வைக்க வேண்டும் என்று நின்றவன் நான். வளைகாப்பு முடிந்து ஏழு மாதத்தில் கப்பல் ஏற்றிவிட்டேன். நீ பிறந்தாய். அவள் அண்ணன் மெட்ராஸ் வரை போய்க் கேட்டு வந்து எல்லாம் எழுதினார். ஒரு வருடத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவிட்டால் பிள்ளை அப்பன் நாட்டுப் பிள்ளையாகிவிடும், அதற்கு என் நீலக் கார்டின் நகலும் கல்யாணச் சான்றும் முத்திரை குத்தி வர வேண்டும் என்று. அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து மூன்று கடிதம் எழுதச் சொன்னாள். மூன்றும் எனக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமியிடம் சொல்லி, முத்திரை வாங்க மலாக்காவுக்குப் போக ஒரு நாள் லீவும் வாங்கினேன். அன்றைக்கு ரெம்பியாவில் தோட்டங்களுக்கு இடையே ஓட்டப் போட்டி. எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் தோட்டத்தில் என்னை முந்த ஆள் கிடையாது. தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ரெம்பியாவுக்கு லோரி ஏறினேன். நான் ஓடியதும் ஆயிரத்து ஐந்நூறுதான். மூன்றாவது சுற்றில் நெஞ்சு எரிந்தது. இரண்டாவதாக வந்தேன், ஒரு தெர்மோஸ் கொடுத்தார்கள். அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் ரப்பர் பால் வெட்டு அதிகம். கிராணியும், பிள்ளைய கூட்டிட்டு வரட்டும்யா, இங்க வந்து பாத்துக்கலாம் என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது, நம்பினேன். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து பயணம் தள்ளிப் போனது. அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு கப்பலை விட்டு இறங்கும்போது உனக்குப் பதினாலு மாதம்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பன்னிரண்டு வயதில், குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் சிவப்பு கார்டை உனக்குக் கொடுத்தார்கள்; ஏன் என்று நீ அழுதபோது, உங்கம்மா ஊர்ல பதியாம விட்டுட்டா என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அதுவே உண்மை ஆகிவிட்டது. ஒன்பது வருடம் அவள் ஒரு நாளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உனக்கு நான்கு வருடம் கழித்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்த உஷாவை நானே போய் ஒரு வாரத்துக்குள் பதிந்தேன். அவள் நீலக் கார்டை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். நேற்று அம்மாவிடம், பிள்ளைக்கு எல்லாத்தையும் எழுதப் போறேன் என்று சொன்னேன். எழுதி என்னா செய்ய, அவ ஓட்டம் திரும்பி வருமா என்று கேட்டாள். இந்தக் கடிதத்தாலும் ஒன்றும் திரும்பி வராது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

மனு நிராகரிக்கப்பட்டால் பதினான்காம் தேதி காலேஜ் போட்டியில் ஓட மாட்டேன், சப்பாத்தை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பேக்டரி வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஓடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எல்லாம் நல்லதுக்குத்தான், காலம் வரும் என்றெல்லாம் எழுத மாட்டேன். நீயே மனுப் போட்டு அது ஒரு நாள் வந்தாலும் அதற்குள் உன் காலுக்கு வயதாகிவிடும், ஓடுகிறவனுக்கு அது தெரியும். படிப்பை மட்டும் விட்டுவிடாதே, அதற்கு யாரும் கார்டு கேட்கவில்லை. ஒன்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து இன்று வரை நீ ஓடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்போதும் ஷிப்ட், எப்போதும் அடுத்த தடவை. இந்தத் தடவை லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பதினான்காம் தேதி காலையில் பினாங்கில் இறங்குவேன். நீ பஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், என்னிடம் பேசவும் வேண்டாம். மைதானத்துக்கு வழி கேட்டுக்கொள்வேன். நீ ஓடினால் பார்ப்பேன். ஓடாவிட்டாலும் ஆயிரத்து ஐந்நூறு தொடங்கி மற்றப் பிள்ளைகள் கடைசிச் சுற்று முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். அந்த வரிசையில் உன் இடம் காலியாக இருந்தால், அதைக் கடைசி வரை பார்த்துவிட்டுப் போக வேண்டியவன் நான்தான்.

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத தெம்போடும் இருக்க அந்த மாரியம்மன் துணை நிற்கட்டும். வேளைக்குப் பசியாறு, வெறும் வயிற்றில் ஓடாதே. வெளியே போகும்போது கார்டை எடுத்துக்கொள்ள மறக்காதே, பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, மழையில் நனைந்தால் புதுசு எடுக்க அலைய வேண்டும். பதில் எழுதினால் எனக்கு எழுத வேண்டாம், அம்மா பெயருக்கு எழுது. உஷா சத்தமாகப் படிப்பாள். அந்த நேரத்தில் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. வீராசாமி