குரல் நின்றால்

அன்புத் தம்பிக்கு,

லாரி டிப்போவில் சேர்ந்தபோது, வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பற்றிக் கேட்டாய்: "பின்னாடி நிக்கிறவன் 'வா, வா'ன்னுகினே இருந்து சத்தம் நின்னுச்சின்னா இன்னாக்கா பண்றது?" பள்ளி அணிவகுப்பை உதாரணம் காட்டி, "நில்" என்று சொல்லும்வரை போ என்றேன்.

உனக்கு 'வா, வா' சொல்லிக்கொண்டிருந்து, நீ பின்னால் எடுத்த லாரியில் அடிபட்ட பாபுவை நேற்று பூந்தமல்லியில் பார்த்தேன். காலில் கட்டு.

"வழுக்கி வியுந்துட்டேன், சத்தமே வர்ல. அண்ணாத்தே இன்னா பண்ணுவாரு? ஏன் பாக்க வர்ல?" என்றான்.

நீ பத்து நாளாக வண்டியைத் தொடவில்லையாம். தவறாகச் சொல்லிக்கொடுத்தது நான். அணிவகுக்கும் பிள்ளைக்கு முன்னால் பார்க்கக் கண் இருக்கிறது. பின்னால் போகும் லாரிக்கு அந்தக் குரல்தான் கண்.

நாளை டிப்போ யார்டுக்குப் போய் வண்டியைப் பின்னால் எடு. குரல் நின்ற நொடியே பிரேக்கை மிதித்துப் பார்.

உன் அக்கா