ஆறு பிள்ளைகள், அறுநூறு லிட்டர்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று காலை கீழே குடியிருக்கிற வீட்டுக்காரர், இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், மாடி ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர் படியேறி வருகிறார் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

தங்கச்சி ஒரு பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்று அவள் முதுகில் தொங்கியது. மொத்தம் ஆறு பிள்ளைகள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து தூக்கிப் போவார்கள். ஒன்பது வருஷமாக இந்த மாடியில் இதை நடத்துகிறாள். யார் துணையும் இல்லாமல் அவளே ஆரம்பித்தது. யோசனை கொடுத்தது நான்தான் என்று வெளியில் சொல்லியிருக்கிறேன். அது வேறு கதை.

"ஊருக்கே தண்ணி பாதியாயிடுச்சும்மா. மாடித் தொட்டி காலையில ஒரு தடவைதான் நிரம்புது. உன் மீட்டர் தினமும் ஆயிரத்தைத் தொடுது. மாசக் கடைசிக்குள்ள அறுநூறு லிட்டருக்குக் கீழ வரணும். இல்லேன்னா பிள்ளைங்களுக்கு வேற இடம் பாத்துக்கச் சொல்லிடு."

 தங்கச்சி சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"ஐயா, அறுநூறு எதுக்கு? ஐநூத்தம்பதுல நிறுத்திக் காட்டறேன். முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டினவன் நான். தண்ணி என் பேச்சைக் கேக்கும்!"

அவர் இறங்கிப் போனதும் தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, உன் வாய்க்கு ஒரு மீட்டர் வெச்சா அது ரெண்டே நாள்ல வெடிச்சிடும்."

சிரிக்காமல் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மீட்டர்: 980.

செப்டம்பர் 5, வெள்ளி

வேலையைத் தொடங்கிவிட்டேன். இந்த ஃப்ளஷ் டேங்க் இருக்கிறதே, ஒவ்வொரு தடவையும் ஒன்பது லிட்டரை மடக் மடக்கென்று குடிக்கிறது. உள்ளே ஒரு செங்கல்லை உட்கார வைத்தால் செங்கல் இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் வராது. அவ்வளவுதான் சூத்திரம். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இது தோன்றுகிறது, பெரிய படிப்பு படித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

நல்ல சிவப்புச் செங்கல் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை (தங்கச்சி புருஷன், அச்சகத்தில் வேலை, வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவார்) எட்டிப் பார்த்தார். "வீடு கட்டறவங்க வெளியில கட்டுவாங்க மச்சான். நீங்க கக்கூஸுக்குள்ள கட்டறீங்க." நாலு வார்த்தையும் எனக்கே செலவாகிறது.

மீட்டர்: 940. செங்கல் வாழ்க!

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் கை கழுவும்போது குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறார்கள். விரல் நனைவதற்குள் ஒரு வாளி போய்விடுகிறது. அதனால் ஆறு பாட்டில் எடுத்து, சூடாக்கிய ஆணியால் மூடியில் ஓட்டை போட்டு, வராந்தாக் கம்பியில் தலைகீழாகக் கட்டினேன். பாட்டிலை அமுக்கினால் நூல் மாதிரி தண்ணீர் வரும். என்ன அழகு! கண்காட்சியில் வைக்கலாம்.

பதினோரு மணிக்குள் தொப்பை பெருத்த பொடியன், நான் மத்தளம் என்று கூப்பிடுகிறவன், அவன் மட்டும் இருபத்துமூன்று தடவை கை கழுவிவிட்டான். மற்றதுகளும் குறைச்சல் இல்லை. பாட்டில் காலியாகக் காலியாக "மாமா, ரொப்பு! மாமா, ரொப்பு!" வாயாடிக் குட்டி ஒருத்தி இருக்கிறாள். பூந்தொட்டி மண்ணில் கையைப் புதைத்து எடுத்துக் கழுவிக் காட்டினாள்.

"மாமா, என் கை சுத்தமா?"

"தங்கமே, இவ்வளவு சுத்தமான கை உலகத்துலயே இல்ல."

"அப்ப திரும்ப அழுக்காக்கிட்டு வரட்டா?"

மீட்டர்: 1060. தங்கச்சி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தோற்றுப்போகிற ஆளா நான்?

ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். பிள்ளைகளின் ஆசையை அடக்க முடியாது. அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம். பாட்டில்களுக்குக் கீழே ஒரு பெரிய டப்பை வைத்தேன். காலையில் ஒரு தடவைதான் நிரப்புவேன் என்று சட்டம் போட்டேன். டப்பில் சேருகிற தண்ணீரைச் சின்ன மக்கில் மொண்டு பிள்ளைகளே கழிப்பறையில் ஊற்ற வேண்டும். ஃப்ளஷை யாரும் தொடக் கூடாது. எவ்வளவு கை கழுவுகிறார்களோ அவ்வளவும் கழிப்பறைக்கு ஆகும். வரிசையில் நின்று சண்டை போட்டு ஊற்றுகிறார்கள்!

அடுப்படியிலும் புகுந்தேன். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கக் கூடாது. ஒரு டப்பில் தேய்ப்பு, ஒரு டப்பில் அலசல். காய் கழுவிய தண்ணீர் பூந்தொட்டிக்கு. துணி அலசிய தண்ணீர் தரை துடைக்க. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்ததையே மறுபடி அளந்து போடுகிறேன்.

மீட்டர்: 810.

செப்டம்பர் 10, புதன்

கீழே போய் வீட்டுக்காரரிடம் என் செங்கல் சூத்திரத்தை விளக்கினேன். முப்பத்தைந்து வருஷ அனுபவம் என்று சொன்னேன். வாயில் அப்படித்தான் வந்தது. மனுஷர் மயங்கிவிட்டார்.

"எங்க வீட்டுலயும் வெச்சுக் குடுங்க டிரைவர்."

"ஐயா, நீங்க வீட்டுக்காரர். உங்களுக்கு ரெண்டா வெச்சிடறேன்."

இரண்டு வைத்தேன். மேஜைக்கு அடியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. அவருடைய பேத்தி. மகள் வேலை மாறி இங்கே வந்துவிட்டதால் பகல் முழுக்கத் தாத்தாதான் பார்த்துக்கொள்கிறாராம். "வந்து ஒரு மாசமாச்சு, வாயே திறக்க மாட்டேங்குது," என்றார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது அவருக்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

690! இப்படியே போனால் நாளைக்கே அறுநூறு. பிள்ளைகளைத் தூக்க வந்த அம்மாக்களிடம் நாற்பது வருஷ அனுபவம் என்றேன். ஒருத்தி கைதட்டினாள்.

செப்டம்பர் 15, திங்கள்

760. ஏன்?

செப்டம்பர் 16, செவ்வாய்

790. எல்லாம் சரியாகத்தான் செய்கிறோம். எங்கே போகிறது?

மாப்பிள்ளை மேல் சந்தேகம். குளிக்கப் போனால் பாட்டுச் சத்தம் நிற்க இருபது நிமிஷம் ஆகிறது. கதவைத் தட்டி, "மாப்ளே, பாட்டு பாதியில இருந்தாலும் பரவாயில்ல, தண்ணியை மூடுங்க" என்றேன். வெளியே வந்து துண்டை உதறினார். "இனிமே துண்டை நனைச்சுத் தொடச்சுக்கறேன் மச்சான். போதுமா?"

சொன்ன மாதிரி அரை வாளியில்தான் குளித்தார். பாடவும் இல்லை.

மீட்டர் குறையவில்லை. அவரிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று மணிக்கே தொட்டி காலி. கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. சாயங்காலம் அம்மாக்கள் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்காரர் படியேறினார். முகம் சிவந்திருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும்னு சொன்னேன்ல? இனிமே அதெல்லாம் இல்ல. திங்கள்லேர்ந்து ஒரு பிள்ளை இந்தப் படியேறக் கூடாது. என் வீட்டுல என் பேத்திக்குக் கால் கழுவத் தண்ணி இல்ல!"

 மத்தளத்தின் அம்மா, ஆணியில் மாட்டியிருந்த அவனுடைய மாற்றுத்துணிப் பையைச் சத்தமில்லாமல் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தங்கச்சி என்னைப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 20, சனி

எழுத ஒன்றும் இல்லை. நான் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தங்கச்சியும் மாப்பிள்ளையும் காலையிலேயே கிளம்பினார்கள். ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் போய், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேரில் சொல்ல. போனில் சொன்னால் மரியாதை இல்லையாம்.

நான் தனியாக மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனால் மீட்டருக்குள் இருக்கிற குட்டிச் சக்கரம் சுற்றுகிறது! மெதுவாக, வெட்கமில்லாமல் சுற்றுகிறது. திருடன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான்.

ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. கடைசியில் பிள்ளைகள் படம் வரைகிற சிவப்புச் சாயத்தை எடுத்து ஃப்ளஷ் டேங்க்கில் ஊற்றினேன். ஃப்ளஷைத் தொடவில்லை. கால்மணி நேரம் பொறுத்துப் போய்ப் பார்த்தால் கழிப்பறைக் கோப்பைக்குள் தண்ணீர் சிவப்பாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

மூடியைத் தூக்கினேன். என் செங்கல் பாதி கரைந்து, ஓரமெல்லாம் மொட்டையாகிக் கிடந்தது. அதன் பொடி அடியில் இருக்கிற ரப்பர் மூடிக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. மூடி சரியாக மூடவில்லை. டேங்க் நிரம்ப நிரம்ப ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் ஃப்ளஷையே தொடுவதில்லையே, யாருக்குத் தெரியும்?

நான்தான். நான் வெச்ச கல்லு. அய்யோ, கீழ வீட்டுல ரெண்டு வெச்சிருக்கேனே! தொட்டி மூணு மணிக்கே காலியானது அதனாலதான். பிள்ளைங்க இல்ல. மாப்பிள்ளையும் இல்ல. நான்!

பொடியை வழித்துத் துடைத்தேன். ரப்பரைக் கழுவி உட்கார வைத்தேன். சக்கரம் நின்றது. செங்கல்லுக்குப் பதிலாக ஒரு பாட்டிலில் மணலை நிரப்பி, இறுக்கி மூடி உள்ளே வைத்தேன். கரையாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. கீழே போய், "சும்மா பராமரிப்புப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிக் கல்லை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. என் பெயரும் போகாது. ஆனால் தொட்டி சரியானதும் அவர் தங்கச்சியை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அவள் செய்யாத தப்புக்கு. அந்த நேரத்தில் அவள் யார் வீட்டு வாசலில் நின்று என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ!

கரைந்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினேன்.

"ஐயா, தப்பு என்னுது. என் தங்கச்சி மேலயும் இல்ல, பிள்ளைங்க மேலயும் இல்ல. இந்தக் கல்லு கரைஞ்சு ஒழுகுது. உங்க வீட்டுலயும் ஒழுகும். நான்தானே வெச்சுக் குடுத்தேன்."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்னு சொன்னீங்களே டிரைவர்?"

"இருபத்திரெண்டு வருஷம்யா. லாரிதான் ஓட்டினேன். ஃப்ளஷ் டேங்க்கை இந்த மாசம்தான் தொறந்து பாத்தேன்."

 அவர் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியை மறந்து எழுந்தே விட்டார்!

அவர் டேங்க்கிலும் சிவப்புச் சாயம் ஊற்றினேன். அங்கே கால்மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை, உடனே ஓடியது. மேஜைக்கு அடியிலிருந்து அந்தப் பேத்தி வெளியே வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டது. சிவப்புத் தண்ணீரையே பார்த்தது.

"நானும் ஊத்தட்டா?"

வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் சாயப் புட்டியை அவள் கையில் கொடுத்தேன். முழுசையும் கவிழ்த்தாள்.

மேலே வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். அதுவரை இரண்டு வீட்டில்தான் சொல்லியிருந்தாள். "திரும்பி வா," என்றேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆறு பிள்ளைகளும் படியேறினார்கள். மத்தளத்தின் பை மறுபடி ஆணியில் தொங்குகிறது. கீழேயிருந்து யாரும் ஏறி வரவில்லை. நாலு மணிக்குத் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம், "பாடிக்கிட்டே குளிங்க மாப்ளே" என்றேன். "பத்து நிமிஷப் பாட்டாப் பாத்துப் பாடறேன் மச்சான்," என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

535! ஐநூற்றைம்பது என்று நாலாம் தேதி யார் சொன்னது? நான் சொன்னேன்! மீட்டர் பார்க்க வீட்டுக்காரர் தானே ஏறி வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வராந்தாவில் நின்று, பிள்ளைகள் பாட்டிலை அமுக்கிக் கை கழுவுவதையும் டப்புத் தண்ணீருக்கு வரிசை கட்டுவதையும் ரொம்ப நேரம் பார்த்தார். போகும்போது தங்கச்சியிடம், "ஒன்பது வருஷம் மேலயே இருந்திருக்க. நான் ஒரு நாளும் வந்து பாத்ததில்லம்மா," என்றார்.

தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் என்னிடம் வழி கேட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்து வருஷ அனுபவம் என்று சொல்லியிருக்கிறேன். செங்கல் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக ஆணியைச் சூடாக்கி, ஏழாவது மூடியில் ஓட்டை போட்டேன். வீட்டுக்காரர் பேத்தி தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு எட்டரைக்கு வந்தாள். வாசலிலேயே அவர் கையை விட்டுவிட்டு, நேரே போய் வரிசையில் நின்றாள்.