யாருக்காக அந்த மாத்திரை?

என்னங்க,

நேரில் கேட்டால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்ததிலிருந்து தனி அறையில் படுக்கிறீர்கள். "அசதியா இருக்கு" என்றீர்கள், நம்பினேன். பிறகு, துவைக்க எடுத்த சட்டையில் அந்த மாத்திரை அட்டை கிடைத்தது. மருந்துக்கடையில் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "இது ஆம்பளைங்களுக்கு... தாம்பத்தியத்துக்கும்மா" என்றார். என் பக்கமே வராதவருக்கு அது எதற்கு? அடிக்கடி போன் செய்யும் உங்கள் ஆபீஸ் காசாளரம்மாதான் கண்முன் வந்து நின்றாள்.

நேற்று உங்களுக்குத் தெரியாமல் அந்த அட்டையோடு உங்கள் டாக்டரைப் பார்த்தேன்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன். கதிர்வீச்சால அங்க ரத்த ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமா குறையலாம். அந்த ரத்த ஓட்டத்த மாத்திரை காப்பாத்தும்னு உறுதி இல்ல, முயற்சி பண்றோம். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னேனே?" என்றார்.

"யாருக்காகவாம் இந்த முயற்சி?" என்றேன். சந்தேகம் அப்போதும் விடவில்லை.

"'முடியலன்னா அவ என்னைப் பாவம்னு பாப்பா, அதைத் தாங்க மாட்டேன்'னு அழுதாரும்மா."

இத்தனை வருடத்தில் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த அழுகையை என்னிடம் காட்டாமல் டாக்டரிடம் காட்டியிருக்கிறீர்கள். இப்போது என் கோபமெல்லாம் அதில்தான். மாத்திரை பலன் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி, தலையணையை எடுத்துக்கொண்டு நம் அறைக்கு வந்து சேருங்கள்.

கோபம் தீராத
உங்கள் மனைவி