உங்கள் அறைக்கு நான் வந்த நாள்

மதினி,

வெள்ளிக்கிழமை காலையில் சபைச் செயலர் ஒரு மூட்டை கல்லுப்பை என் வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். பிரதிஷ்டைப் பண்டிகையில் சபை முழுவதும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு வருகிற சாமான் எல்லாம் கோயிலுக்குப் போகும், உப்பு மட்டும் என் வீட்டுக்கு வரும். அது நீங்கள் போட்ட சட்டம். பங்குனியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் அசனம் இது. சட்டம் போட்ட ஆள் இல்லை, மூட்டை மட்டும் வந்துவிட்டது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செயலர் போகிறபோது இன்னொன்றும் சொன்னார். "போதகர் ஐயா உங்களைச் சாட்சி சொல்லச் சொன்னாக. பழைய காயத்தை ஆண்டவர் எப்படி ஆத்துனாரு, அந்த அக்காவை நீங்க எப்படி மன்னிச்சீகன்னு ஒரு பத்து நிமிசம் பேசுங்க. அதுக்குப் பெறகுதான் பந்தி."

அந்த அக்கா என்று அவர் சொன்னது உங்களை. உங்களை நான் மன்னித்தேன் என்று ஊர் எட்டு வருஷமாக நம்புகிறது. போதகர் அதை வைத்து இரண்டு பிரசங்கம் செய்துவிட்டார். அது உண்மை இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீங்களும் நானும். ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கே ஒருமுறை அதை நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாயில்பட்டி ரோட்டில் நாம் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் பின்வரிசையில் ஓர் அறை, உங்களுக்குப் புங்கமரத்தை ஒட்டி ஓர் அறை. சித்திரை வெயில் சொல்ல வேண்டியதில்லை. என் அறையில் காற்று எட்டிப் பார்க்காது. அன்று வண்டியை விட்டு இறங்கியதும் உங்கள் கையைப் பிடித்து இழுத்து நான்தான் கேட்டேன். "மதினி, இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் உங்க அறைக்குப் போறேன். அங்கனன்னா காத்தாவது வரும்." அறை மாறுவதெல்லாம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மாறிக்கொண்டுதான் இருந்தோம். நீங்கள் சிரித்துக்கொண்டே, "போ, மகாராணி. போர்மேன் கேட்டா நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்றீர்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து அறையில் பிடித்த தீ நான் இருந்த அறைக்குத் தாவியது. உயிர் எதுவும் போகவில்லை, அதற்கு இன்றைக்கும் ஸ்தோத்திரம். என் இரண்டு கையும் கழுத்தும் வெந்தன. வலது கை விரல்கள் பிறகு மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன.

மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு தெளிந்த அன்று என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அது உன் அறை இல்லையே, அங்கன ஏன் போன?" என்பதுதான். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அழுதுகொண்டுதான் கேட்டார். கொஞ்சம் காற்றுக்கு ஆசைப்பட்டு என் கையை நானே கொடுத்துவிட்டு வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "மதினிதான் மாறிக்கிடச் சொன்னாக" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னதும் எனக்கு வலி கொஞ்சம் குறைந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே குறைந்தது.

அவர் ஊருக்கு வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிய பேச்சை அக்கம்பக்கத்தார் எனக்குச் சொன்னார்கள். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டீர்களாம். இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லையாம். கேட்டபோது, இந்தப் பழியை ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் என் புத்தி நினைத்தது. மனுஷப் புத்தி எம்புட்டுக் கெட்டிக்காரத்தனமானது, பாருங்கள். நாள் ஆக ஆக நான் சொன்ன பொய்யை நானே பாதி நம்பினேன்.

ஆறு வருஷம் நாம் பேசவில்லை. கோயிலில் நீங்கள் முன்னால் பாயில் உட்காருவீர்கள், நான் கடைசி பெஞ்சில் இருந்து ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடுவேன். அசனத்துக்கு மட்டும் போகவே மாட்டேன். அதற்கு முந்தி அசனம் என்றால் நான்தானே. ஐயா ஜெபிக்கிற வரைக்கும் அசனச் சாப்பாட்டை ஒருத்தரும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது நம் சபை வழக்கம். அதனால் உப்பை ருசி பார்த்துப் போட முடியாது. கொதிக்கிற சாம்பாரின் ஆவியில் குனிந்து நின்றால் உப்பு போதுமா போதாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். விபத்துக்குப் பிறகு அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்கும். வீட்டில் சமையல்கூட என் வீட்டுக்காரர்தான்.

ஏழாம் வருஷம் அசனத்தன்று காலையில் மூடி போட்ட ஒரு தூக்குவாளியில் அசனச் சாம்பாரோடு நீங்கள் என் வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. நீங்களும் எதிர்பார்க்கவில்லை. நலம் விசாரிப்பு, மன்னிப்பு, ஜெபம் எதுவும் கிடையாது.

"ஏ புள்ள, கைதான போச்சு. மூக்குமா போச்சு?" என்று கேட்டு மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். "ஆறு வருசமா ஊரு உப்பில்லாமத் தின்னுட்டு, ஆமென்னு சொல்லிட்டுப் போகுது. ஆண்டவர் ஒங்கிட்ட குடுத்து வச்சதை நீ பூட்டி வச்சுக்கிட்டா, நாங்க யாருகிட்ட போயிக் கேக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் சிரிப்பு அது. மோந்து பார்த்துவிட்டு, "அண்டாவுக்கு ரெண்டு கை அள்ளிப் போடுங்க" என்றேன். நீங்கள் வாளியை மூடிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த வருஷம் வாளி என் வீட்டுக்கு வரவில்லை, கோயில் கேட் வரைக்கும் என்னை வரச் சொன்னீர்கள். அதற்கடுத்த வருஷம் கேட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டூல். அப்புறம் ஒவ்வொரு அசனத்துக்கும் அந்த ஸ்டூலை அடுப்புப் பக்கமாக நாலடி நகர்த்திப் போடுவீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் நடுங்கினால் என் முதுகில் உங்கள் கை இருக்கும், வாய் யாரையாவது கேலி பண்ணிக்கொண்டிருக்கும். போன வருஷம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது, நான் ஓடவில்லை. "ம், இப்பப் போடுங்க" என்று நான் சொன்னபோது நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள். கேட்டதற்குப் புகை என்றீர்கள்.

ஒரே ஒருமுறை நான் வாயெடுத்தேன். நாம் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "மதினி, அன்னைக்கு அந்த அறை..." என்று ஆரம்பித்ததும் நீங்கள் கையை நிறுத்தவே இல்லை. "அன்னைக்கு ஒனக்குச் சாஞ்சுக்கிட ஒரு செவுரு வேண்டியிருந்துச்சு. நான் நின்னேன். இப்ப வெங்காயத்தைப் பாரு" என்றீர்கள். நானும் வெங்காயத்தைப் பார்த்தேன். அன்றைக்கே நான் விடாமல் பேசியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "அவுக வாசல்ல நின்னு நான் என்னென்ன பேசுனேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டையைப் போட்டார். இருவருமாக உங்கள் மகள் வீட்டுக்குப் போனோம்.

நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்கள் மகள் என் மடங்கின விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்ககிட்டயும் அம்மா, நான்தான் அவளை அனுப்புனேன்னுதான் சொல்லிச்சு அத்தை" என்றாள். பெற்ற பிள்ளையிடம்கூட நீங்கள் மாற்றிச் சொல்லவில்லை.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை இன்னும் உலுக்கியது. "நாளைக்கு இதச் சபையில சொல்லணுமா? அம்மா போயாச்சு. இந்த ஊருல இருக்கப் போறது நீங்கதான, அத்தை." உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை. ஒரு நிமிஷம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் நான் சொல்லாமல் செத்துப்போனால் நான் சொன்ன பொய்தான் ஊரில் உங்கள் பெயராக நிற்கும். அதை நினைத்தபோது பயம் குறைந்தது.

இன்று ஞாயிறு சாயங்காலம். மீதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன், மதினி. பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. "அறை மாறிக்கிடக் கேட்டது நான். பழியை அவுக மேல போட்டதும் நான். நான் யாரையும் மன்னிக்கல. பதினாலு வருசமா என்னையத்தான் ஒருத்தி மன்னிச்சுக்கிட்டு இருந்தா" என்றேன். போதகர் எழுந்து வந்து ஜெபம் பண்ணுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டார். உங்கள் தம்பி சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் கோபம் நியாயம். நாளைக்கு அவர் வீட்டுக்கும் நாங்கள் போக வேண்டும்.

பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிறபோது உங்கள் மகள் பக்கத்தில் வந்தாள். "அத்தை, நீங்க எங்கம்மாகிட்ட ஒருதடவையாவது மன்னிப்புக் கேட்டீகளா?" என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இல்லை என்றேன். எட்டு அசனம் பக்கத்தில் நின்றும் கேட்கவில்லை. நான் கேட்கிறதற்கு முன்னாலேயே நீங்கள் கொடுத்துக்கொண்டே இருந்ததால், கேட்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற தைரியம், என் மூக்குக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்கிற நினைப்பு, இரண்டும் நீங்கள் மீட்டுக் கொடுத்தவை. இனி என் காலம் வரைக்கும் அவை என்னோடு வரும். அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லப்படாமலே என்னோடு வந்துவிடக் கூடாது.

என்னை மன்னிச்சிருங்க, மதினி.